நோயில்லாதவருக்கு மருந்து: நுரையீரல் புற்றுநோயும் தாவரத் தடுப்பும்

நன்னாரி, கருஞ்சீரகம், மஞ்சள், மிளகு, முருங்கையிலை: வன்னியில் இவற்றை அறியாத வீடு இல்லை. நன்னாரி காட்டோரத்திலேயே கிடைக்கும். மற்றவற்றை வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ மருந்துச் சரக்குக் கடையில் வாங்கிவிடலாம். இவை புற்றுநோயை அண்டவிடா என்ற பேச்சு வாட்ஸ்அப்பிலும் யூடியூப்பிலும் நாளும் ஓடுகிறது. ஐம்பது வயதைத் தாண்டியும் சுருட்டுப் பத்துகிறவருக்கும், விறகடுப்புப் புகையில் மூன்று வேளையும் நிற்கிற பெண்ணுக்கும் அந்தப் பேச்சு பெரிய ஆறுதல். பழக்கத்தையோ அடுப்படியையோ மாற்றாமல் ஒரு கோப்பைக் கசாயத்தால் தப்பிக்கொள்ளலாம் என்று அது சொல்லாமல் சொல்கிறது.

அந்த ஆறுதலுக்கு அடிப்படை உண்டா என்று பார்ப்பதற்கு முன் எதைக்கொண்டு அளப்பது என்று முடிவு செய்ய வேண்டும். நோயாளிக்குக் கொடுக்கும் மருந்து ஒன்று. நோயில்லாதவருக்குக் கொடுக்கும் மருந்து வேறொன்று. பிரித்தானியாவில் புகைத்தலையும் நுரையீரல் புற்றுநோயையும் பற்றி ரிச்சர்ட் டோல், ரிச்சர்ட் பீட்டோ ஆகியோர் குழுவாகச் செய்து 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின்படி, சிகரெட்டை விடாமல் புகைத்த ஆண்கள் 75 வயதுக்குள் நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 16. மிச்சம் 84 பேர் அந்த வயதுக்குள் அந்த நோயால் இறக்கப்போவதில்லை. நூறு பேருக்கும் இருபது, முப்பது ஆண்டுகள் ஒரு பொருளைக் கொடுத்தால், அந்த 84 பேரும் பயன் எதுவும் பெறாமல் அதன் கெடுதியை மட்டும் சுமக்கக்கூடும். ஆகவே தடுப்பு மருந்துக்குக் கேட்க வேண்டிய சான்று சிகிச்சை மருந்துக்குக் கேட்பதைவிடக் கடுமையாக இருக்க வேண்டும். "பாவித்துப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்?" என்ற கேள்வி இங்கே செல்லாது. குறையக்கூடியது ஆரோக்கியமானவரின் உடல்நலம்.

இனி அடிப்படைத் தர்க்கம். புகையிலையோ விறகோ டீசலோ எரியும்போது பென்சோபைரீன் என்ற இரசாயனம் உண்டாகிறது. உடலுக்குள் புகும்போது அது பெரும் கேடு செய்வதில்லை. அதை நீரில் கரையச் செய்து வெளியேற்ற முயலும் நமது நொதியங்களே அதைக் கொடிய வடிவத்துக்கு மாற்றிவிடுகின்றன. அந்த வடிவம் டி.என்.ஏ.யிலுள்ள குவானினோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய இடத்தில் பிரதி எடுக்கும்போது பிழை நேர்கிறது. பிழை நிலைத்தால் விகாரம். கலப்பெருக்கத்துக்குக் கடிவாளமான பி53 என்ற பரம்பரையலகில் இந்தப் பொருள் ஒட்டும் இடங்களும், நுரையீரல் புற்றுநோயாளரிடம் விகாரம் அதிகம் காணப்படும் இடங்களும் ஒத்துப்போவதை 1996இல் காட்டினார்கள். புகையிலையைப் பதப்படுத்தும்போது நிக்கொட்டினிலிருந்து பிறக்கும் என்.என்.கே. என்ற நைட்ரோசமைனும் இதே போன்ற வழியில்தான் கேடு செய்கிறது.

இந்தச் சங்கிலியில் தாவரப் பொருட்கள் குறுக்கிடக்கூடிய இடங்கள் உண்டு. கொடிய வடிவத்தை உண்டாக்கும் நொதியத்தை மந்தமாக்கலாம். கழித்துவிடும் நொதியத்தை முடுக்கலாம். விகாரமடைந்த கலம் பெருகுவதை அடக்கலாம். அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் லீ வாட்டன்பர்க் இத்தகைய பொருட்களை வழிமறிப்பவை, அடக்குபவை என்று வகைப்படுத்தி இத்துறைக்கு ஒழுங்கு கொடுத்தார். தர்க்கத்தில் ஓட்டை இல்லை. ஆனால் உடல் தர்க்கத்துக்குக் கட்டுப்பட்டுத்தான் நடக்க வேண்டும் என்ற நியதியும் இல்லை. அதனால்தான் சோதனை தேவைப்படுகிறது.

தமிழர் கையால் நடந்த சோதனை ஒன்றிலிருந்து தொடங்கலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் செல்வேந்திரன், சக்திசேகரன் ஆகியோர் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மிளகின் காரப்பொருளான பைப்பரினை ஆராய்ந்தார்கள். வெள்ளைச் சுண்டெலிகளுக்குப் பென்சோபைரீன் கொடுத்து நுரையீரல் புற்றை உண்டாக்கி, சிலவற்றுக்குக் கிலோ எடைக்கு 50 மில்லிகிராம் வீதம் பைப்பரினும் கொடுத்தார்கள். பைப்பரின் பெற்றவற்றில் புற்று அடங்கியது. கொழுப்பு ஒட்சியேற்றம் போன்ற சேதக் குறிகளும் குறைந்தன. மிளகாயின் கப்சாய்சினை வைத்தும் அதே பல்கலைக்கழகத்தில் இவ்வகைச் சோதனைகள் நடந்தன. செய்முறையில் குறை சொல்ல வரவில்லை. அதன் அளவுகளை மட்டும் நமது வாழ்க்கைக்கு நேராக வைத்துப் பார்ப்போம்.

இவ்வகைச் சோதனைகளில் சுண்டெலிக்கு ஒரு தடவை கொடுக்கும் பென்சோபைரீன் வழக்கமாகக் கிலோ எடைக்கு 50 மில்லிகிராம். 25 கிராம் எடையுள்ள சுண்டெலிக்கு அது 1.25 மில்லிகிராம். ஒரு சிகரெட்டின் புகையில் உள்ளிழுக்கப்படும் பென்சோபைரீன் ஏறத்தாழ 20 நானோகிராமுக்குள் அடங்கும். அந்தக் கணக்கில் சுண்டெலி ஒரே மிடறில் விழுங்குவது 60,000 சிகரெட்டுக்கு மேல். அதுவும் எண்ணெயில் கரைத்து வாய்வழியாக. மனிதரோ மிகச் சிறிய அளவை, அறுபதுக்கு மேற்பட்ட வேறு புற்றூக்கிகளோடு சேர்த்து, நாற்பது ஆண்டுகளாக நெஞ்சுக்குள் இழுக்கிறார்.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மருந்தின் அளவு அவ்வளவு எட்டாததல்ல. உடற்பரப்பைக் கொண்டு சுண்டெலியின் அளவை மனித அளவாக்கும் வழமையான முறையில், 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 245 மில்லிகிராம் பைப்பரின் வருகிறது. மிளகில் பைப்பரின் நூற்றுக்கு 5 என்று வைத்தால் 5 கிராம் மிளகு. இரண்டு தேக்கரண்டித் தூள். இரசத்தில் போடுவதைவிட அதிகம், ஆனால் விழுங்க முடியாத அளவல்ல. சிக்கல் அளவில் மட்டும் இல்லை, காலத்திலும் இருக்கிறது. சுண்டெலிக்குப் பாதுகாப்புப் பொருளைப் புற்றூக்கிக்கு முன்பாகவோ அதே நாட்களிலோ கொடுத்து நல்ல பலன் காட்ட முடியும். நம்மவர் கசாயத்தைத் தேடுவது இருமல் தொடங்கிய பிறகு, விகாரங்கள் பல சேர்ந்துவிட்ட வயதில்.

இலங்கையிலும் கவனத்துக்குரிய ஆய்வு ஒன்று உண்டு. கருஞ்சீரகம், நன்னாரி வேர், பறங்கிப்பட்டையின் உறவான ஸ்மைலாக்ஸ் கிளாப்ரா கிழங்கு ஆகிய மூன்றையும் சேர்த்துக் காய்ச்சும் கசாயத்தைச் சிங்கள ஆயுர்வேத மரபில் புற்றுநோயாளருக்குக் கொடுத்து வந்தார்கள். பேராசிரியர் ஐரா தப்ரூவும் அவருடைய சகாக்களும் அதை ஆய்வுகூடத்துக்கு எடுத்துச் சென்றார்கள். டைஎதைல்நைட்ரோசமைன் என்ற இரசாயனத்தால் எலிகளின் ஈரலில் தொடங்கும் புற்றுமாற்றங்களைக் கசாயம் குறைத்ததாக 2003இலும், நீண்டகாலச் சோதனையாக 2006இலும் அறிக்கைகள் வந்தன. 2020இல் அதே கலவையின் சாறு நுரையீரல் புற்றுக் கலங்களை ஆய்வுகூடத் தட்டில் தாக்கியதாக இன்னோர் அறிக்கை வந்தது.

இதை நான் மதிக்கிறேன். பரம்பரை மருந்து என்று கும்பிட்டு ஒதுக்காமலும், மூடநம்பிக்கை என்று தள்ளாமலும் அளந்து பார்த்த வேலை இது. ஆனாலும் அது நிரூபித்ததையும் நிரூபிக்காததையும் பிரித்துச் சொல்ல வேண்டும். இரசாயனத்தால் வரும் புற்றைத் தடுத்தது எலியின் ஈரலில். நுரையீரலில் காட்டியது கலங்களைக் கொன்றதை. அது தடுப்பு அல்ல. எலிக்குக் கொடுத்த கசாயம் கிலோ எடைக்குக் கிராம் கணக்கில். இன்னொரு சிக்கல் சரக்கின் அடையாளம். சித்த நூல்கள் பறங்கிப்பட்டை என்பது பொதுவாக ஸ்மைலாக்ஸ் சைனாவை. ஆய்வு செய்யப்பட்டது கிளாப்ரா. நன்னாரி என்ற பெயரில் மாகாளிக்கிழங்கு விற்பதும் இந்தியச் சந்தையில் அறியப்பட்ட கலப்படம். ஆய்வுகூடத்தில் நிரூபணமான பொருளும் சரக்குக் கடைப் பொட்டலத்தில் இருப்பதும் ஒன்றுதான் என்பதற்கு யாரும் பிணை நிற்கவில்லை.

அடுத்த படி மனிதர். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் கல்பகம் பொலாசாவின் குழு 1992இல் வெளியிட்ட ஆய்வில், நெடுங்காலம் புகைத்த 16 பேர் நாளுக்கு 1.5 கிராம் மஞ்சளை 30 நாட்கள் உட்கொண்டார்கள். அவர்களின் சிறுநீரில் விகாரமூட்டும் பொருட்கள் கணிசமாகக் குறைந்தன. சமையலறை அளவு மஞ்சள், உண்மையான புகைப்பவர், தெளிவான அளவீடு: இத்துறையின் நல்ல ஆய்வுகளில் இது ஒன்று. ஆனால் 16 பேர், ஒரு மாதம், சிறுநீர். அதற்கும் புற்றுநோய்க்கும் நடுவில் பல ஆண்டுகள் கிடக்கின்றன.

கடுகுக் குடும்பத்துக் கீரையான வாட்டர்கிரெஸிலிருந்து கிடைக்கும் பி.இ.ஐ.டி.சி. என்ற பொருளின் கதை இன்னும் பாடமானது. என்.என்.கே. கொடுத்த எலிகளில் இது நுரையீரல் கட்டிகளை வெகுவாகத் தடுத்தது. அமெரிக்காவில் 82 புகைப்பவர்களுக்கு நாளுக்கு 40 மில்லிகிராம் கொடுத்துச் சோதித்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். என்.என்.கே. கொடிய வடிவம் பெறும் விகிதம் 7.7 வீதம் குறைந்தது. எலியில் கண்ட பெருவெற்றி மனிதரில் இவ்வளவாகச் சுருங்கியது. சீனாவின் சிடோங்கில் 291 பேருக்கு 12 வாரம் புரோக்கலி முளைப் பானம் கொடுத்த சோதனையில், காற்றோடு உள்ளே போன பென்சீனின் கழிவு வெளியேற்றம் 61 வீதமும் அக்ரோலினின் வெளியேற்றம் 23 வீதமும் கூடின. நமது முருங்கையிலையிலும் இதே ஐசோதயோசயனேற்றுக் குடும்பத்துப் பொருள் இருப்பதால் இது நமக்கும் நெருங்கிய செய்தி. ஆனாலும் இவை எல்லாமே வழியில் எடுத்த அளவீடுகள். யாருக்காவது புற்றுநோய் வராமல் போனதா என்ற கேள்விக்கு இவற்றில் பதில் இல்லை.

அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டு, பல்லாயிரம் பேரில், பல ஆண்டுகள் சோதித்த முக்கியமான தாவரப் பொருள் பீட்டா கரோட்டின். கரட், பப்பாசி, பூசணி, கீரை எல்லாவற்றிலும் இருப்பது. மரக்கறி அதிகம் சாப்பிடுகிறவர்களுக்கும், இரத்தத்தில் பீட்டா கரோட்டின் கூடியவர்களுக்கும் நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று ஆய்வுக்குப் பின் ஆய்வாகத் தெரிந்திருந்தது. 1981இல் பீட்டோவும் டோலும் மற்றவர்களும் 'நேச்சர்' இதழில் இதை முறைப்படி சோதிக்க வேண்டும் என்று எழுதினார்கள். பின்லாந்தில் புகைக்கும் ஆண்கள் 29,133 பேரைச் சேர்த்தார்கள். பீட்டா கரோட்டின் பிரிவினர் நாளுக்கு 20 மில்லிகிராம் வீதம் ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் விழுங்கினார்கள். 1994இல் முடிவு வந்தது: விழுங்கியவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 வீதம் அதிகம். அமெரிக்காவில் புகைப்பவர்கள், விட்டவர்கள், அஸ்பெஸ்டஸ் தொழிலாளர்கள் என 18,314 பேரைக் கொண்ட 'கேரட்' என்ற சோதனையில் பீட்டா கரோட்டினோடு உயிர்ச்சத்து ஏ-யும் கொடுத்தார்கள். நோய் 28 வீதமும் மரணம் 17 வீதமும் கூடவே, 1996 ஜனவரியில் 21 மாதம் முன்கூட்டியே நிறுத்தினார்கள். பெரும்பாலும் புகைக்காத 22,071 அமெரிக்க வைத்தியர்களைக் கொண்டு 12 ஆண்டுகள் நடத்திய இன்னொரு சோதனையில் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை.

கவனிக்க வேண்டியது ஒன்று. காப்பாற்ற வேண்டும் என்று குறிவைத்தவர்களுக்கே கேடு வந்தது. புகை நிறைந்த நுரையீரலில் அதிக அளவு பீட்டா கரோட்டின் தானே ஒட்சியேறித் தீங்கான துண்டுகளாக உடைகிறது என்பது ஒரு விளக்கம். இன்னொன்று பொதுவானது: ஒட்சியேற்ற எதிர்ப்பு நல்ல கலத்தை மட்டும் காப்பதில்லை, ஏற்கெனவே கெட்டுவிட்ட கலத்தையும் காக்கும். சுவீடனில் 2014இல், நுரையீரல் கட்டி தொடங்கிய சுண்டெலிகளுக்கு உயிர்ச்சத்து ஈ கொடுத்தபோது கட்டி வேகமாக வளர்ந்தது. மஞ்சளின் குர்க்குமினே, மரபணு மாற்றிய சுண்டெலிகளில் நுரையீரல் கட்டியைப் பெருக்கியதாக 2009இல் ஓர் ஆய்வு சொன்னது. குர்க்குமின் எல்லோருக்கும் நஞ்சு என்று இதற்குப் பொருளில்லை. புற்று தொடங்கும் முன் நன்மை செய்யும் பொருள் தொடங்கிய பின் எதிர்மாறாக நடக்கலாம் என்பதுதான் பொருள். சுருட்டுப் பத்தும் ஐம்பத்தைந்து வயதுக்காரர் எந்தப் பக்கத்தில் நிற்கிறார் என்பது அவருக்கும் தெரியாது, பரியாரிக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது.

"இயற்கையானது, கெடுதி செய்யாது" என்ற வாதம் வன்னியில் விசேடமாகச் சோதிக்கப்பட வேண்டியது. ஆடுதின்னாப்பாளையும் ஈச்சுரமூலியும் நமது மருத்துவ மரபில் உள்ள மூலிகைகள். இரண்டும் அரிஸ்டோலோக்கியா இனம். அந்த இனத்தின் அரிஸ்டோலோக்கிக் அமிலத்தைச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் மனிதருக்குப் புற்றூக்கி என்று உறுதியாக வகைப்படுத்தியிருக்கிறது. சிறுநீரகத்தையும் அது பழுதாக்கும். காரணம் துலங்காத சிறுநீரக நோய் வவுனியா உட்பட உலர்வலயத்தில் பரவியுள்ள நிலையில், உள்ளடக்கம் தெரியாத கசாயத்தை ஆண்டுக்கணக்கில் குடிப்பது சிறிய துணிவு அல்ல. மிளகின் பைப்பரினும் மருந்துகளைக் கழிக்கும் நொதியங்களை மந்தமாக்குவது. 1998இல் வெளியான பெங்களூர் ஆய்வொன்றில் குர்க்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரினைச் சேர்த்தபோது இரத்தத்தில் குர்க்குமின் கிடைக்கும் அளவு 2000 வீதம் உயர்ந்தது. மஞ்சள் குளிசை விற்பவர்கள் இதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். அதே பைப்பரின் வலிப்புக் குளிசையான பெனிட்டோயினின் அளவையும் இரத்தத்தில் ஏற்றிவிடும் என்பதைச் சொல்வதில்லை. போதாததற்கு, புகையிலையும் ஒரு செடிதான்.

தாவர மருத்துவத்தின் பக்கம் நின்று வலுவாகச் சொல்லக்கூடிய எதிர்வாதம் இது: பின்லாந்தில் தோற்றது குளிசை, கீரை அல்ல; பிரித்தெடுத்த ஒரு மூலக்கூற்றின் தோல்வியை முழு மூலிகையின் தலையில் கட்டலாமா? இதில் பாதி நியாயம் இருக்கிறது. மரக்கறி, பழம் உண்பது உடலுக்கு நல்லது என்பதை எந்தச் சோதனையும் மறுக்கவில்லை. ஆனால் இந்த வாதம் மூலிகைக் குளிசை விற்பவருக்கு எதிராகவும் திரும்பும். அவர் விற்பதும் பிரித்தெடுத்த சாறுதானே. முழு மூலிகை சோதிக்கப்படவில்லை என்பது அது பலிக்கும் என்பதற்குச் சான்றும் ஆகாது. செடியிலிருந்து புற்றுநோய் மருந்து வராது என்று சொல்வதும் என் நோக்கமல்ல. முற்றத்துப் பட்டிப்பூவிலிருந்து 1950களின் இறுதியில் வின்பிளாஸ்டின் கிடைத்தது. அதன் வழிவந்த வினொரல்பின் நுரையீரல் புற்றுநோய்க்கே கொடுக்கப்படுகிறது. ஆனால் அது வழக்கமாக நாளத்தில் ஏற்றும், அளந்து கொடுக்கும், இரத்தம் சோதித்துக் கொடுக்கும் கடும் மருந்து. பட்டிப்பூ இலையை அவித்துக் குடிப்பவருக்கு அந்தப் பெருமையில் பங்கில்லை.

எந்தத் தடுப்பையும் தனியே நிறுத்தி எடைபோடக் கூடாது. எதிர்த்தட்டில் மாற்றுவழி இருக்க வேண்டும். மேலே சொன்ன பிரித்தானிய ஆய்வில், 60 வயதில் புகைத்தலை விட்டவர்களுக்கு அந்த 16 வீத ஆபத்து 10 ஆகக் குறைந்தது, 50இல் விட்டவர்களுக்கு 6, 40இல் 3, 30இல் 2. எந்த மூலிகைக்கும் இப்படி ஒரு வரிசை எண்கள் கிடையாது. புகைக்காத பெண்களுக்கு? சீனாவின் சுவான்வெயில் வீட்டுக்குள் புகைக்கும் நிலக்கரியை எரித்தவர்கள் அடுப்புக்குப் புகைபோக்கி வைத்தார்கள். நுரையீரல் புற்றுநோய் ஆண்களிடம் 41 வீதமும் பெண்களிடம் 46 வீதமும் குறைந்ததாக 2002இல் அறிக்கை வந்தது. நிலக்கரிப் புகை விறகுப் புகையைவிடக் கொடியது. விறகுப் புகையைச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அநேகமாகப் புற்றூக்கி என்ற அடுத்த படியில்தான் வைத்திருக்கிறது. ஆனாலும் 2022 எரிவாயுத் தட்டுப்பாட்டில் விறகுக்குத் திரும்பிய நமது வீடுகளுக்கு இந்தப் பாடம் பொருந்தும். அனகி போன்ற திருத்திய அடுப்பு, கூரைக்கு மேலே எழும் புகைபோக்கி, காய்ந்த விறகு: இவை புற்றைக் குறைக்கும் அளவை எண்ணால் சொல்ல முடியாவிட்டாலும் இருமலுக்கும் கண்ணெரிவுக்கும் உடனே பலன் தரும், பக்கவிளைவு இல்லை. அஸ்பெஸ்டஸ் கூரைத் தகட்டை வெட்டும்போதும் உடைந்ததை அப்புறப்படுத்தும்போதும் நனைத்துக் கையாள்வதும் இதே கணக்கில் சேரும். அஸ்பெஸ்டஸைத் தடைசெய்யும் திட்டத்தை, 2017 டிசம்பரில் ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியதும் அரசு தள்ளிவைத்தது. ஆகவே எச்சரிக்கை நம் கையில்தான்.

தீர்ப்பு இது. இரசாயனப் புற்றூக்கிகள் செய்யும் கேட்டைத் தாவரப் பொருட்கள் குறைக்க முடியும் என்பது விலங்குகளில் நிறுவப்பட்ட உண்மை. மனிதரில் அதன் சாயல் சிறுநீர் அளவீடுகளில் தெரிகிறது. மனிதருக்கு நுரையீரல் புற்றுநோய் வராமல் தடுத்தது என்று எந்தத் தாவரப் பொருளைப் பற்றியும் இன்றுவரை சொல்ல முடியாது. பல்லாயிரம் பேரில் கடைசிவரை சோதித்த பீட்டா கரோட்டின் புகைப்பவரைக் கொன்றது. எனவே மஞ்சள், மிளகு, முருங்கையிலை எல்லாம் கறியாகவும் சுண்டலாகவும் இரசமாகவும் உண்ணத் தகுந்தவை. நுரையீரல் புற்றுக்குத் தடுப்பு என்று குளிசையாகவோ கசாயமாகவோ விற்கத் தகுதியற்றவை. புகைத்தலைத் தொடருகிறவருக்கு அவற்றைப் பரிந்துரைப்பது இரட்டைத் தவறு: நிரூபணமாகாததைக் கொடுக்கிறோம், நிரூபணமான வழியைத் தள்ளிப்போட உதவுகிறோம்.

இந்தத் தீர்ப்பு மாறக்கூடியது. நன்னாரிக் கசாயத்தின் சரக்கை அடையாளம் உறுதிசெய்து, அதன் சேர்க்கையை நிலைப்படுத்தி, முதலில் ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் பாதுகாப்பானதா என்று பார்த்து, பிறகு புகைத்தலை விட்டவர்களில் நுரையீரல் மாற்றங்களை ஒப்பீட்டுக் குழுவோடு அளந்தால், அதன் முடிவுக்கு நான் தலைவணங்குவேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவக் கல்வியாளர்களும் மருத்துவ பீடமும் சேர்ந்து எடுக்கத் தகுந்த வேலை அது. அதுவரை, மூன்று வாரத்துக்கு மேல் இருமல் நிற்காதவரும், சளியில் இரத்தம் கண்டவரும் முதலில் போக வேண்டிய இடம் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா வைத்தியசாலைகளின் மார்புநோய்ச் சிகிச்சைப் பிரிவு. காசநோயா புற்றா என்பது சளிப் பரிசோதனையிலும் எக்ஸ்ரேயிலும் தொடங்கித்தான் தெரியவரும். கசாயம் குடித்துக்கொண்டு பார்த்திருக்கும் மாதங்களில், வெட்டியெடுக்கக்கூடியதாக இருந்த கட்டி அந்த நிலையைத் தாண்டிப் போய்விடலாம்.